பிரிசம் ஸ்டிக்கரை நம்பி ரோட்டில் இறங்காதீர்கள்

புதிதாக டோட்டல் ஸ்டேஷன் (தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் சர்வே கருவி) பிடிக்கும் தம்பிகளோடு சைட்டுக்குப் போனால், நாங்கள் பழகிய காலத்துத் தவறுகளே திரும்ப நடக்கின்றன. கருவி மட்டமாக நிற்க பபிளை நடுவில் வைப்பது, பேட்டரிக்கு சார்ஜ் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பிரிசம் கான்ஸ்டன்ட்டைச் சோதிக்காமல் தொடங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கருவி விடும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிதான் பிரிசம்; அதற்காக அளந்த தூரத்தில் கூட்டவோ கழிக்கவோ வேண்டிய மி.மீ. அளவுதான் பிரிசம் கான்ஸ்டன்ட். கருவி ஒரு கடையில் வாடகை, பிரிசம் இன்னொரு கடையில். பிரிசத்தின் மேல் 0 என்று ஸ்டிக்கர் இருக்கிறது, கருவியிலும் 0 போட்டாயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள். லைக்கா வட்டப் பிரிசத்தை லைக்கா கருவிதான் 0 என்று எடுத்துக்கொள்ளும். அதையே வேறு பிராண்டு கருவியோடு பயன்படுத்தினால் -34.4 மி.மீ. கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 10 மீட்டரானாலும் 300 மீட்டரானாலும் ஒவ்வொரு தூரமும் மூன்றரை செ.மீ. கூடுதலாகவே வரும்.

டிராவர்ஸ் (புள்ளி புள்ளியாக அளந்து சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிப்பது) மூடியதே என்பார்கள். பக்கங்கள் ஏறக்குறைய சமமாக இருந்தால் இந்தப் பிழையோடும் அது அழகாக மூடும், படம் மட்டும் சற்றுப் பெரிதாகிவிடும். 30 அடி மனையின் முகப்புக் கோட்டில் கருவியை நடுவில் வைத்து இரண்டு மூலைகளையும் எடுத்தால், பிழை இரண்டு பக்கமும் சேர்ந்து 7 செ.மீ. ஆகும். பக்கத்து மனைக்காரர் அதை விடுவாரா?

சாலை அகலப்படுத்தும் வேலை ஒன்றில் இப்படித்தான் மொத்த ரீடிங்கும் வீணானது. முடிந்த வேலைக்காக, பிரிசம் பிடிக்கும் பையன்கள் லாரிகளுக்கு நடுவே மீடியனில் மறுபடி வெயிலில் நின்றார்கள். பணம் போனதைவிட, ஒரு முறை போதும் என்ற ஆபத்தில் அவர்களை இரண்டு முறை நிறுத்தியதுதான் எனக்கு ஆறவில்லை.

சோதனை சுலபம். சமதளத்தில் ஒரே நேர்கோட்டில் ஏ, பி, சி என்று மூன்று புள்ளிகள். கருவியை ஏ-யில் வைத்து பி-க்கும் சி-க்கும் அளந்துவிட்டு, பி-க்கு மாற்றி சி-யை அளக்க வேண்டும். ஏபி 25.034, பிசி 35.034, ஏசி 60.034 என்று வந்தால், முதல் இரண்டின் கூட்டல் 60.068. ஏசி-யைவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவுதான் உங்கள் பிழை, 34 மி.மீ. கருவியோ பிரிசமோ மாறினால் இதைச் செய்யாமல் முதல் ரீடிங் எடுக்காதீர்கள்.

மின்கம்பிக்குக் கீழே பிரிசம் மாட்டிய போலை (கம்பை) நீட்டுவது

சீமைக் கருவேலம் மறைக்கிறது என்றதும் “இன்னும் தூக்குப்பா” என்று கத்துவார்கள். அலுமினியப் போலில் மின்சாரம் பாயும் என்று தெரிந்தவர்களும் கார்பன் ஃபைபரை நம்பிவிடுகிறார்கள். அதிலும் பாயும். வெயிலில் கம்பி இன்னும் தாழ்ந்து தொங்கும். கருவியை நகர்த்துங்கள், அல்லது பக்கத்தில் தெரிகிற ஒரு புள்ளியை எடுத்து, அங்கிருந்து அளந்து ஆஃப்செட் எடுங்கள்.

தண்டவாளத்தின் குறுக்கே ஸ்டீல் டேப்

இரண்டு தண்டவாளத்தையும் டேப் ஒருசேரத் தொட்டால் சிக்னல் சிவப்பாகிவிடும். மேலே 25,000 வோல்ட் கம்பி வேறு.

சூரியனை டெலஸ்கோப்பில் பார்ப்பது

கண் போய்விடும்.

பின்னால் நடக்கச் சொல்வது

“இன்னும் பின்னால, இன்னும் பின்னால” என்று வாக்கி டாக்கியில் சொல்வீர்கள். பையன் உங்களையே பார்த்தபடி பின்வாங்குவான். கொங்குப் பக்கத்துக் காடு தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை! திரும்பி நடந்து போய் நிற்கச் சொல்லுங்கள், நின்ற பிறகு இடமா வலமா என்று லைன் கொடுங்கள்.