பிரியும்போது வீட்டுக்கு விலை போடுவது எப்படி

தங்கச்சியின் விவாகரத்துக்காகக் காவேரிப்பட்டணத்தில் அவள் வீட்டை அளந்த அன்று டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை மாப்பிள்ளை பிடித்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை, எஞ்சினியர் மட்டும் "இன்னும் கொஞ்சம் இழுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன் மூன்று மாதம் வெறும் வாய்ச்சண்டைதான். மாப்பிள்ளை சொன்ன விலை வழிகாட்டி மதிப்பு, நாங்கள் சொன்னது புரோக்கர் சொன்ன விலை.

இரண்டுமே தப்பு. வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரப்பதிவுக்கு அரசு வைத்த கணக்கு, பதிவுத்துறை இணையதளத்தில் தெரு பெயரையோ சர்வே எண்ணையோ போட்டால் இலவசமாகவே தெரியும். ஆனால் ஓசூர் பக்கம் நிலம் கைமாறும் விலைக்கும் அதற்கும் பல இடங்களில் சம்பந்தமே இருக்காது. புரோக்கர் சொல்வதோ விற்க ஆசைப்படும் விலை, விற்ற விலை அல்ல.

அதனால் வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து தரும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை இரண்டு பேரும் சேர்ந்தே கூப்பிடுங்கள், ஃபீஸையும் பாதிப் பாதி கட்டுங்கள், ஏனென்றால் ஒருவர் மட்டும் கூட்டிவந்த ஆள் என்ன எழுதினாலும் மற்றவர் நம்பமாட்டார். ஒத்துவரவே இல்லையா, சந்தை மதிப்பைப் பார்த்துச் சொல்ல கமிஷனரை நியமிக்கும்படி கோர்ட்டில் மனு போடலாம், நாள்தான் இழுக்கும்.

பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி பிளான், வீட்டுவரி ரசீது எல்லாம் எடுத்து வையுங்கள். பிளானில் இல்லாத மாடி அறையை மறைக்காதீர்கள், டேப் பிடித்தால் தெரிந்துவிடும். நிலத்துக்குத் தனி விலை, கட்டடத்துக்குத் தனி விலை போட்டு, கட்டடத்தில் வயசுக்கேற்ப தேய்மானம் கழிப்பார்கள். போர்வெல், காம்பவுண்டு சுவர், சம்ப் எல்லாம் கணக்கில் வந்ததா என்று பாருங்கள். எங்கள் ரிப்போர்ட்டில் முதலில் போர்வெல்லை விட்டுவிட்டார்கள், நம் பக்கம் தண்ணீருக்கு என்ன விலை என்று சொல்லவா வேண்டும்!

எந்தத் தேதிக்கான மதிப்பு என்பதை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள், அதே தேதிக்கு வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு என்று பேங்க்கில் எழுதி வாங்குங்கள். 60 லட்சம் வீடு, 22 லட்சம் பாக்கி என்றால் பேச வேண்டியது 38 லட்சத்தைப் பற்றித்தான், சண்டையில் இது பலருக்கு மறந்துபோகும்.

அப்புறம், கல்யாணம் ஆனதாலேயே பாதி வீடு வந்துவிடாது, பொதுவாகப் பத்திரம் யார் பேரிலோ அவருக்குத்தான் உரிமை. கணவர் பேரில் மட்டும் இருந்தால் இந்த ரிப்போர்ட் பெரும்பாலும் ஜீவனாம்சம் பேசத்தான் உதவும். தங்கச்சி வீடு இருவர் பேரிலும் இருந்ததால் பங்கு கேட்க முடிந்தது.

ஒருவர் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதாக இருந்தால் தீர்ப்பு வருவதற்கு முன்பே விடுதலைப் பத்திரம் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. தீர்ப்பான பிறகு நீங்கள் கணவன் மனைவி இல்லை, அந்தச் சலுகையைக் கேட்பதே சிக்கல். கடன் இருக்கும்வரை அசல் பத்திரம் பேங்க்கில்தான் இருக்கும், கடனில் உங்கள் பேரும் இருந்தால் பங்கை எழுதிக்கொடுத்த பிறகும் தவணை கட்டாததற்கு உங்களுக்கும் நோட்டீஸ் வரும், ஆகவே அந்தப் பேரை நீக்க பேங்க் சம்மதிக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.