மாற்றி வைத்த இன்சுலின் செல்கள் பச்சை பிடித்தனவா என்று பார்ப்பது எப்படி?

டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு, "இன்சுலின் சுரக்கும் செல்லை மாற்றி வைத்தால் ஊசியே வேண்டாம்" என்ற செய்தி கைப்பேசியில் வந்தால் ஆசை எழுவது இயல்புதான். அந்தச் செய்தியோடு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ செல்லுமுன், எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிசான நெல் பருவத்துக்கு நட்ட நாற்று பச்சை பிடிக்கும் வரை தாமிரபரணிக் கரை விவசாயி யாரும் விளைச்சல் கணக்குப் போடுவதில்லை. இங்கும் செல்லை வைத்தார்களா என்பதைவிட, அது உயிரோடு நின்றதா என்பதே முக்கியம்.

முதலில், செல்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டு எங்கே வைக்கப்பட்டன என்று பாருங்கள். உறுப்புக்கொடையாகக் கிடைத்த கணையத்திலிருந்து பிரித்தெடுக்கும், இன்சுலின் சுரக்கும் செல்திட்டுகளைப் பெரும்பாலும் கல்லீரலுக்குச் செல்லும் பெரிய சிரை வழியாகச் செலுத்துகிறார்கள். இரத்தம் பட்டவுடன் அவற்றைச் சுற்றி உறைவும் அழற்சியும் உண்டாவதாலும், புதிய இரத்தக் குழாய்கள் வந்து சேர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் வரை ஆக்சிஜன் போதாமையாலும், பெரும்பகுதி தொடக்கத்திலேயே மடிந்துபோகிறது. 2000ஆம் ஆண்டு வெளியான கனடாவின் எட்மன்டன் ஆய்வில் 7 பேர் ஊசியிலிருந்து விடுபட்டபோதும் ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கணையங்கள் தேவைப்பட்டதற்கு இந்த இழப்பு ஒரு முக்கியக் காரணம். வளர்ந்தவரின் பீட்டா செல் (இன்சுலின் சுரக்கும் செல்) மிக அரிதாகவே பெருகும் என்பதால், தப்பியதுதான் கையிருப்பு.

பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய செல்கள் வேறு வகை. அவை உடலுக்குள் சென்ற பின்பும் முதிர்வதால் பலன் மெல்லக் கூடும். ஆனால் முதிராத செல் கலந்திருந்தால் கட்டியாக வளரும் அபாயமும் உண்டு. 2024இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் வயிற்றுத் தசையுறைக்கு அடியில் இத்தகைய செல்களைப் பெற்ற இளம்பெண் 75 நாளில் ஊசியை விட்டார் என்பது உண்மையே. அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்றத்துக்காக, மாற்றி வைத்ததை உடல் தாக்காதபடி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுத்து வந்தவர் என்பதையும் சேர்த்தே அந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

அடுத்து, இரத்தப் பரிசோதனையில் தெரியும் சி-பெப்டைட் என்ற புரதத் துணுக்கின் அளவைக் கேளுங்கள். உடல் இன்சுலின் சுரக்கும்போது அதே அளவில் இதுவும் வெளிவரும்; ஊசி மருந்தில் இது இருக்காது. ஆகவே முன்பு ஏறக்குறைய பூச்சியமாக இருந்த அளவு, உணவுக்குப் பின் தெளிவாக உயர்ந்தால் புதிய செல் வேலை செய்கிறது எனலாம். அதே நேரத்தில் எடுத்த சர்க்கரை அளவும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்திருந்தால் நல்ல செல்லும் சுரக்காது, சிறுநீரகம் பழுதானவருக்கோ சி-பெப்டைட் தேங்கி உயர்ந்து தெரியும். "சுகர் குறைந்துவிட்டது" என்று மட்டும் சொல்லும் விளம்பரத்தை நான் சான்றாகக் கொள்ளமாட்டேன்.

இந்தச் சிகிச்சையின் விலை பணத்தில் மட்டும் இல்லை. 2025இல் வெளியான ஸ்டெம் செல் ஆய்வில் முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டில் ஊசியின்றி இருந்தனர். ஆனால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தொடர வேண்டியிருந்தது, பங்கேற்றவர்களில் ஒருவர் பூஞ்சைத் தொற்றால் இறந்தார். அப்படி வழக்கமாகத் தரப்படும் டாக்ரோலிமஸ் என்ற மருந்து சிறுநீரகத்தையும் பீட்டா செல்லையுமே பாதிக்கக்கூடியது. அதனால்தான், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து நினைவிழக்கும் பெரியவர்களையே இச்சிகிச்சைக்கு முதலில் கருதுகிறார்கள். நன்றாக ஊசி போட்டு வளரும் குழந்தைக்கு இந்த விலை இன்று அதிகம்.

ஸ்டெம் செல் சிகிச்சைக்கு யாராவது கட்டணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி சர்க்கரை நோய்க்கு இதை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம், பங்கேற்பவரிடம் பணம் வாங்கக்கூடாது. ஆய்வு என்று சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்குள்ள எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த நிலையிலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். செல் மாற்றிய பிறகும் புதிய செல்களுக்குச் சுமை கூடாதிருக்கச் சில காலம் ஊசியைத் தொடர்வார்கள். சி-பெப்டைட்டையும் சர்க்கரையையும் பார்த்து மருத்துவரே அதைப் படிப்படியாகக் குறைப்பார்.