தைமஸில் பி செல் எப்படி வந்தது?

பெங்களூரு ஆய்வகத்தில் 6 வாரச் சுண்டெலியின் தைமஸ்: டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் முதிரும் நெஞ்சுக்கூட்டு உறுப்பு. இன்னொரு வகையான பி செல்கள் அங்கே மிகக் குறைவு. செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சிடி4, சிடி8 என்ற மேற்பரப்புப் புரதங்கள் இரண்டும் உள்ள இளம் டி செல்கள் 80 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும், 65தான் வந்தது. அந்தப் புரதங்களில் ஒட்டி அடையாளம் காட்டும் ஆன்டிபாடியைச் சந்தேகித்தது வீண்.

பி செல்லை அடையாளம் காட்டும் பி220 ஆன்டிபாடியையும் சேர்த்ததும் குட்டு உடைந்தது: பி செல்கள் கணிசமாக இருந்தன. தைமஸை ஒட்டியிருக்கும் கடுகளவு நிணநீர்க் கணுக்களை, பி செல்கள் நிறைந்தவற்றை, சேர்த்தே நசுக்கியிருக்கிறேன். இப்போது ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழ், குளிர்ந்த பிபிஎஸ் உப்புக்கரைசலில் வைத்து, உருண்டையாய்ச் சற்றே பழுப்பாய்த் தெரிவதைப் பிய்த்தெடுத்த பிறகுதான் 70 மைக்ரான் சல்லடையில் தேய்க்கிறேன். செல்கள் கட்டிதட்டினால், இறந்த செல்களிலிருந்து கசிந்து ஒட்டவைக்கும் டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ். ஆனால் அந்தக் கரைசலில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் கூடாது, நொதிக்குத் தேவையான மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு நொதியை முடக்கிவிடும்.

வண்டியில் குலுங்கி வந்த எலியை ஒரு வாரமாவது ஓய்வில் விடுங்கள். பதற்றத்தில் சுரக்கும் ஸ்டீராய்டும் சிடி4, சிடி8 இரண்டும் உள்ள அந்தச் செல்களைத்தான் முதலில் கொல்லும்.