ஹாஸ்பிஸ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்: பெற்றோருடன் அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் ஒரு மருத்துவர் "இனி வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொன்னால், அவர் கைவிரித்துவிட்டார் என்றே நாம் பொருள்கொள்வோம். அமெரிக்காவுக்கு வந்த சில ஆண்டுகளில், உடன் வந்த தாய்க்கோ தந்தைக்கோ நோய் முற்றி, இங்குள்ள மருத்துவர் ஹாஸ்பிஸ் என்ற சொல்லை முதன்முறையாகச் சொல்லும்போதும் நம் காதில் விழுவது அதே பொருள்தான். அந்த அதிர்ச்சியில், மருத்துவமனை கொடுக்கும் பட்டியலில் முதலில் இருக்கும் பெயரைக் காட்டி, நீட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டில் என் தந்தையாருக்கு நடந்ததும் அதுதான். பிள்ளைகளின் பள்ளிக்காக மாதக்கணக்கில் விசாரிக்கிற நாம், பெற்றவரின் கடைசி வாரங்களை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதை ஒரு நாளாவது விசாரிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஹாஸ்பிஸ் என்பது பெரும்பாலும் ஒரு கட்டடம் அல்ல. குணமாக்க முடியாத நோயின் கடைசிக் காலத்தில் வலியைத் தணித்துக் கவனிக்க, நோயாளி இருக்கும் இடத்துக்கு வந்து போகும் ஒரு குழு. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், ஆன்மிக ஆலோசகர் ஆகியோர் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்பது, பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதி. குளிப்பாட்டவும் உடை மாற்றவும் உதவியாளர் வருவார். மருத்துவக் கட்டில், ஆக்ஸிஜன், சக்கர நாற்காலி, வலிக்கான மருந்துகள் ஆகியவற்றையும் அவர்களே தருவார்கள். ஆனால் நாள் முழுவதும் அருகில் இருந்து பார்த்துக்கொள்வது நாம்தான். உதவியாளர் வாரத்தில் சில நாள், சிறிது நேரமே வருவார். இதை முன்கூட்டியே அறியாத குடும்பங்கள், இருபத்து நான்கு மணி நேரமும் ஒருவர் வந்து தங்குவார் என்று எண்ணி ஏமாந்து தவிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

செலவை யார் ஏற்பார்கள் என்பது புதிதாக வந்தவர்களுக்கு முதல் கேள்வியாக இருக்கும். பிள்ளைகள் இங்கே வரி கட்டுகிறார்கள் என்பதால் பெற்றோருக்கு மெடிகேர் வந்துவிடாது. கிரீன் கார்டு பெற்ற பெற்றோர் 65 வயதைக் கடந்து, தொடர்ந்து 5 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால் மாதச் சந்தா செலுத்தி மெடிகேரில் சேரலாம். ஹாஸ்பிஸ் அடங்கிய முதற்பகுதியை (பார்ட் ஏ) சந்தா இல்லாமல் பெறுவதற்கு அவரோ அவருடைய துணைவரோ இந்நாட்டில் ஏறத்தாழ 10 ஆண்டுகள் வேலை செய்திருக்க வேண்டும். அதுவரை தனியாக வாங்கிய காப்பீடு இருந்தால், அதன் ஆவணத்தில் ஹாஸ்பிஸ் என்ற தலைப்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எந்தக் காப்பீடும் இல்லையென்றால், இலாப நோக்கற்ற ஹாஸ்பிஸ்களிடம் பணம் வாங்காமல் தரும் அறக்கொடைக் கவனிப்பு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். அப்படி ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள் இருக்கின்றன.

மெடிகேர் உள்ளவர்களுக்கு விதிகள் தெளிவானவை. நோய் அதன் போக்கில் சென்றால் ஆயுள் 6 மாதமோ அதற்குக் குறைவாகவோதான் இருக்கும் என்று மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். ஹாஸ்பிஸ் கவனிப்பை மெடிகேர் தவணை தவணையாகத் தருகிறது: முதலில் 90 நாள் கொண்ட இரண்டு தவணைகள், அதன்பின் 60 நாள் தவணைகள். தகுதி நீடிக்கும்வரை அவற்றுக்கு உச்சவரம்பு இல்லை. 6 மாதம் முடிந்ததும் துரத்திவிடுவார்கள் என்பது தவறான அச்சம். வலிநிவாரண மருந்துக்கு ஒரு சீட்டுக்கு அதிகபட்சம் 5 டாலர் கேட்கலாம். மற்றபடி நம் கையிலிருந்து போவது மிகக் குறைவு. ஆனால் ஹாஸ்பிஸில் சேர்ந்தபின், அந்த நோயைக் குணமாக்கும் நோக்கில் செய்யும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது. மனம் மாறினால் எந்த நாளிலும் விலகிப் பழைய சிகிச்சைக்குத் திரும்பலாம்.

நிறுவனங்களைப் பிரித்தறிவதற்கு ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்வது எல்லாவற்றையும்விட முக்கியம். வீட்டில் தரப்படும் வழக்கமான கவனிப்புக்கு மெடிகேர் நாள் கணக்கில் பணம் தருகிறது. செவிலியர் அன்று வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொகை மாறாது. ஆகவே குறைவாக வரும் நிறுவனத்துக்கு மிச்சம் அதிகம். நாட்டிலுள்ள ஹாஸ்பிஸ்களில் பெரும்பான்மை இலாப நோக்கில் நடத்தப்படுபவை. அவற்றிலும் மிக நல்லவை உண்டு என்பதை நேரில் கண்டவன் நான். ஆனாலும் "எத்தனை முறை வருவீர்கள், யார் வருவார்கள், எவ்வளவு நேரம் இருப்பார்கள்" என்ற கேள்விக்கு எண்களாகப் பதில் சொல்லாத நிறுவனத்தை, அதன் விளம்பரத் தாள் எவ்வளவு கனிவாகப் பேசினாலும், ஒதுக்கிவிடுவதே நல்லது.

எங்கள் முதல் நிறுவனம் பகலில் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. ஒரு சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பின் அப்பாவுக்கு மூச்சுத் திணறியபோதுதான், அவர்கள் கொடுத்த எண்ணில் பேசுவது வேறெங்கோ உள்ள ஓர் அழைப்பு மையம் என்று தெரிந்தது. செவிலியர் திரும்ப அழைப்பார் என்றார்கள். இரண்டு மணி நேரம் அழைப்பு வரவில்லை. நாங்கள் 911-ஐ அழைத்தோம். மருத்துவமனைக்கு இனி வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மனிதர், விடியும்போது அவசரப் பிரிவின் வெளிச்சத்தில், கையில் ஊசியோடு படுத்திருந்தார். அந்தக் காட்சியை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. ஹாஸ்பிஸ் ஏற்பாடு செய்யாத அவசரப் பிரிவுச் செலவை, அது அந்த நோய் தொடர்பானதாக இருந்தால், மெடிகேர் ஏற்காது என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எனவே நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு நான் அழைத்தால் எடுப்பவர் யார், அவர் செவிலியரா, வீட்டுக்கு வர வேண்டியிருந்தால் எவ்வளவு நேரத்தில் வருவார், அந்த நேரத்தில் இந்த மாவட்டம் முழுவதற்கும் எத்தனை செவிலியர்கள் பணியில் இருப்பார்கள்? இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் சேவை கிடைக்க வேண்டும் என்பது விதி என்பதால் எல்லோரும் "உண்டு" என்றுதான் சொல்வார்கள். தொலைபேசியில் பேசுவதையும் நேரில் வருவதையும் பிரித்துக் கேட்க வேண்டும். முடிந்தால், சேர்வதற்கு முன் ஒரு வார இறுதி இரவில் அந்த எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள். அதில் தவறொன்றும் இல்லை.

இதற்கு உதவும் பொதுத் தகவலும் உண்டு. மெடிகேரின் இணையதளத்தில் கேர் கம்பேர் என்ற பகுதியில் ஊரின் அஞ்சல் குறியீட்டை இட்டால், அங்கு சேவை தரும் ஹாஸ்பிஸ்கள் வரும். நோயாளி மறைந்தபின் அவர் குடும்பத்தாரிடம் கேட்ட கருத்தாய்வின் முடிவுகள் அங்கே இருக்கும். வலி தணிந்ததா, மதிப்போடு நடத்தினார்களா, வீட்டாருக்குக் கவனிப்பைக் கற்றுக்கொடுத்தார்களா, உதவி உரிய நேரத்தில் வந்ததா என்று தனித்தனியே காணலாம். மொத்த மதிப்பீடாகத் தரும் நட்சத்திரங்களைவிட அந்தக் கடைசி வரியையே நான் முதலில் பார்ப்பேன். ஹாஸ்பிஸ் கேர் இன்டெக்ஸ் என்ற பத்து மதிப்பெண் அளவும் உண்டு. வார இறுதியில் செவிலியர் வருகை, செவிலியர் வருகைகளுக்கு இடையே ஏழு நாளுக்கு மேல் விழும் இடைவெளி, இறுதி நாள்களில் நேரில் வந்தார்களா என்பவையெல்லாம் அதில் அடங்கும். சிறிய, புதிய நிறுவனங்களுக்கு இந்த எண்கள் வெறுமையாக இருக்கலாம், அப்போது உங்கள் மருத்துவமனையின் வலி தணிப்புப் பிரிவுச் செவிலியரிடம், "உங்கள் தாயாருக்கு என்றால் யாரை அழைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கே உரியது; மருத்துவமனை ஒன்றைத் திணிக்க முடியாது.

நான்கு வகைக் கவனிப்பையும் அவர்கள் உண்மையில் தருகிறார்களா என்று கேட்க வேண்டும். வழக்கமான வீட்டுக் கவனிப்பு எல்லோரிடமும் உண்டு. வலி கட்டுக்கடங்காதபோது செவிலியர் மணிக்கணக்கில் வீட்டிலேயே இருக்கும் தொடர் கவனிப்பு, அதுவும் போதாதபோது மருத்துவமனையிலோ ஹாஸ்பிஸ் இல்லத்திலோ குறுகிய காலம் சேர்க்கும் வசதி, பார்த்துக்கொள்பவர் ஓய்வெடுக்க நோயாளியை ஐந்து நாள்வரை வேறோர் இடத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகிய மூன்றும் ஏட்டில் மட்டுமே இருக்கும் நிறுவனங்கள் உள்ளன. "கடந்த ஆண்டில் எத்தனை குடும்பங்களுக்குத் தொடர் கவனிப்பு தந்தீர்கள், சேர்க்க வேண்டுமானால் எந்த இடத்தோடு ஒப்பந்தம்" என்று கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், விடுப்பு தீர்ந்த நிலையில், அந்த ஐந்து நாள் எவ்வளவு பெரிது என்று சொல்லத் தேவையில்லை. தங்குமிடக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல்: முதியோர் இல்லத்தில் இருந்துகொண்டு ஹாஸ்பிஸ் பெற்றால், அறைக்கும் உணவுக்கும் மெடிகேர் பணம் தராது.

மொழி நம்மவர்களுக்குத் தனியான கவலை. நன்றாக ஆங்கிலம் பேசிய பெரியவர்கள்கூட நோய் முற்றியதும் தமிழுக்கே திரும்பிவிடுகிறார்கள். கூட்டாட்சி (மத்திய) அரசின் பணம் பெறும் எந்த மருத்துவ நிறுவனமும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். நோயாளியின் உரிமைகளை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்பது ஹாஸ்பிஸ்களுக்கான விதியிலேயே இருக்கிறது. தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா, இரவிலும் கிடைப்பாரா என்று கேளுங்கள். அவர்களே "பேத்தி சொல்லட்டும்" என்றால் மறுத்துவிடுங்கள். தாத்தாவின் வலியைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் பதின்மூன்று வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது கொடுமை. அதோடு, மகன் வழியாகப் பேசும்போது பெரியவர்கள் "ஒன்றுமில்லை, பரவாயில்லை" என்று வலியை மறைப்பார்கள். மூன்றாம் மனிதரிடம்தான் வலி பத்தில் எட்டு என்று சொல்வார்கள்.

முதல் சந்திப்புக்கு வருபவர் எப்படிக் கேட்கிறார் என்பதும் ஓர் அளவுகோல். கடும் வலிக்கான மருந்தான மார்ஃபின் கொடுத்தால் உயிரைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சமும், சாப்பாட்டை வற்புறுத்த வேண்டாம் என்றால் பட்டினி போடச் சொல்கிறார்கள் என்ற வேதனையும் நம் வீடுகளில் எழாமல் இருக்காது. என் அம்மா அழுதபடி கஞ்சியைக் கரைத்துக் கொண்டுவந்தபோது, நாங்கள் பின்னர் மாறிய இரண்டாவது நிறுவனத்தின் செவிலியர் அவரைத் தடுக்கவில்லை. அருகில் அமர்ந்து, உடல் விடைபெறும்போது பசி அடங்கிவிடும் என்பதையும், விழுங்க முடியாதவருக்கு ஊட்டினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்பதையும் மொழிபெயர்ப்பாளர் வழியாக அரை மணி நேரம் விளக்கி, பஞ்சை நனைத்து உதட்டைத் துடைக்கக் கற்றுக்கொடுத்தார். அம்மாவுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது. உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்ற படிவத்தில் கையெழுத்திட்டால்தான் சேர்ப்போம் என்று எவரேனும் சொன்னால், மெடிகேரில் அப்படி நிபந்தனை விதிக்க முடியாது என்று சொல்லுங்கள்.

கோயில், முதியோர் மையம், கடைத்தெரு ஆகிய இடங்களில் இலவசச் சக்கர நாற்காலியும் சத்துமாவும் தருவதாகச் சொல்லி மெடிகேர் எண்ணைக் கேட்பவர்களிடம் பெரியவர்களை எச்சரித்து வையுங்கள். சாகும் நோயே இல்லாதவரை அவருக்குத் தெரியாமல் ஹாஸ்பிஸில் சேர்த்துவிடும் மோசடி நடக்கிறது. அப்படிச் சேர்க்கப்பட்டவருக்கு வேண்டிய சிகிச்சை மறுக்கப்படும்போதுதான் விஷயம் தெரியவருகிறது. கலிஃபோர்னியா 2022 முதல் புதிய ஹாஸ்பிஸ் உரிமங்களை நிறுத்தி வைத்தது இத்தகைய முறைகேடுகளால்தான். 2023-இல் அரிசோனா, கலிஃபோர்னியா, நெவாடா, டெக்சஸ் ஆகிய மாநிலங்களின் புதிய ஹாஸ்பிஸ்களைக் கூடுதல் கண்காணிப்புக்குள் மெடிகேர் கொண்டுவந்தது.

சேர்ந்தபின் பிடிக்கவில்லையென்றால், ஒரு தவணைக்கு ஒருமுறை நிறுவனத்தை மாற்றலாம். இது பலருக்குத் தெரியாது. பழையதிலும் புதியதிலும் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால் போதும். கவனிப்பில் இடைவெளி விழத் தேவையில்லை. நாங்கள் மாற்றியது திங்கட்கிழமை. புதன்கிழமைக்குள் புதிய செவிலியர் வந்துவிட்டார். அப்பா அதன்பின் பதினொரு நாள் எங்களோடு இருந்தார், மருத்துவமனைக்குப் போகவில்லை.

இன்னொன்றையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள், வாய் வராவிட்டாலும். உயிர் பிரிந்தபின் 911-ஐ அல்ல, ஹாஸ்பிஸைத்தான் அழைக்க வேண்டும். செவிலியர் வந்து உறுதிசெய்வார். அதன்பின் உடலை எவ்வளவு நேரம் வீட்டில் வைத்திருக்கலாம், நாமே குளிப்பாட்டித் திருநீறு பூசலாமா, விளக்கேற்றலாமா, இறுதிச் சடங்கு நிறுவனத்தை யார் அழைப்பது, எரியூட்டுவதற்கான சான்றிதழில் எந்த மருத்துவர் கையெழுத்திடுவார் என்று முன்பே பேசி வைத்திருந்ததால்தான், அன்று அதிகாலை நான்கு மணிக்கு அழைத்தவுடன் வந்த செவிலியர், ஆக்ஸிஜன் குழாய்களை அகற்றிவிட்டு, நாங்கள் தேவாரம் பாடி முடிக்கும்வரை சமையலறையில் காத்திருந்தார்.