பாதிப் பேர் வரும் அலுவலகத்துக்கு எத்தனை மேசை?

சென்னை ஓஎம்ஆர் பக்கம் அலுவலக இன்டீரியர் வேலை பார்க்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “பாதிப் பேர்தான் வர்றாங்க மேடம், மேசையையும் பாதியாக்கிடலாமா?”

சராசரியை நம்பி மேசையில் கை வைக்காதீர்கள். வாசலில் கார்டு தேய்க்கும் கணக்கை வாங்கி, கிழமைவாரியாகப் பிரியுங்கள். 100 பேர் உள்ள கம்பெனியில் சராசரி 50 என்றாலும், எல்லா டீமும் புதன்கிழமையே மீட்டிங் வைத்தால் அன்றைக்கு 75 பேர் வந்து நிற்பார்கள். மேசைக் கணக்கு அந்தப் புதனுக்குத்தான். டீம்களின் நாளை மாற்றிப் போட முடிந்தால் அதை முதலில் செய்யுங்கள், காசே செலவில்லை.

மிஞ்சும் இடத்தில் சோபா போடத்தான் பலருக்கும் ஆசை. நான் மூடிய சின்ன அறைகளைத்தான் கேட்பேன். அலுவலகத்துக்கு வந்தவரும் வீட்டில் இருப்பவரோடு வீடியோ காலில்தானே பேசுகிறார்? ஒரே வரிசையில் நாலு பேர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு வேலை ஓடாது. ஒருவருக்கு 4 அடிக்கு 4 அடி போதும். ஆனால் ஜிப்சம் சுவரை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்த விடாதீர்கள். நிறுத்தினால் பேச்சு சீலிங்குக்கு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். கான்கிரீட் தளம் வரை கொண்டுபோய் இடுக்கை அடைக்கச் சொல்லுங்கள். அப்படி அடைத்தால் ஏசி காற்று திரும்பிப் போகும் வழியும் அடைபடும்; ஏசிக்காரரிடம் வரைபடம் போடும்போதே சொல்லிவிடுங்கள். விளக்கு தலைக்கு மேலே வேண்டாம், முகத்துக்கு எதிரே இருக்கட்டும்.

அப்புறம் லாக்கர். மேசை பொதுவாகிவிட்டால் அவரவர் பொருளை வைக்க வேறு இடம் இல்லை. பட்ஜெட்டில் முதலில் வெட்டுவது இதைத்தான், எனக்கு இதில் சமரசமே இல்லை. 1990களில் லாஸ் ஏஞ்சலீஸில் ஷையட்/டே என்ற விளம்பர நிறுவனம் சொந்த மேசையையே ஒழித்துப் பார்த்தது. ஊழியர்கள் காகிதங்களைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். சில வருடங்களிலேயே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். நம் ஊரில் பாதிப் பேர் பைக்கில் வருகிறார்கள். ஹெல்மெட் நுழைகிறதா என்று வைத்துப் பார்த்துவிட்டு லாக்கருக்கு ஆர்டர் கொடுங்கள்.

எல்லா இருக்கையையும் பொதுவாக்காதீர்கள். இடுப்பு வலிக்காரர், கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் வருபவர், இவர்களுக்குக் கழிப்பறைக்குப் பக்கமாக நிரந்தர இடம் ஒதுக்கி, நாற்காலியின் உயரத்தை அவரவரையே உட்காரவைத்துச் சரிசெய்து கொடுங்கள்.