ஹார்டெயில் வாங்கும்முன் பெடலைப் பின்னால் சுற்றுங்கள்

கரடுமுரடான பாதைக்கு மலிவாக ஹார்டெயில் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள) மவுன்டன் பைக் வாங்கும்போது பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, பின்சக்கரத்துப் பல்சக்கரங்களின் நடுவே கழற்றும் கருவி பொருந்தும் வளையத்தைப் பாருங்கள். பல்சக்கரங்களோடு அதுவும் சுற்றினால் கேசட்: பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் அமைப்பு, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இருக்கும். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்: அந்த அமைப்பு பல்சக்கரத் தொகுப்புக்குள்ளேயே இருக்கும். கேசட் உள்ளதையே எடுங்கள்.

ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அதனால் அச்சின் நீண்ட பகுதி தாங்கலின்றி நிற்கும். கல்லிலும் பள்ளத்திலும் குதித்து இறங்கினால் அது வளையும், சில நேரம் முறிந்தே போகும். கேசட் ஹப்பில் பேரிங் ஃப்ரேமுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அடி தாங்கும். ஃப்ரீவீலைப் பிறகு கேசட்டாக மாற்றுவதென்றால் ஹப்பையே மாற்ற வேண்டும், அதாவது பெரும்பாலும் முழுச் சக்கரம். முன்சக்கரத்தைத் தாங்கும் பளபளப்பான ஃபோர்க்கைவிட இதற்குக் காசு கொடுப்பது மேல்.

தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். ஒரே பல்சக்கரம் உள்ள சிங்கிள் ஸ்பீடுக்கும் இது பொருந்தாது; அதில் ஃப்ரீவீலே போதும்.