நடைபாதைக் குடும்பங்களுக்கு உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் சென்னை பாரிமுனைப் பக்கம் இரவில் போயிருந்தோம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், தாயை ஒட்டித் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்ததும் போனை எடுத்து, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அடிக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். நான் செய்த அதே தவறு. தூங்குகிறவர்களைப் போட்டோ எடுக்கக் கூடாது என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும், விட்டுவிடுகிறேன்.

எடுத்ததும் 1098

சில வருடங்களுக்கு முன் ஒரு மழை இரவு. அப்பா மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், அம்மா பூ கட்டி விற்கிறவர். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 6. தார்ப்பாய்க்குள் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு ராத்திரியாவது பிள்ளைகள் நனையாமல் இருக்கட்டும் என்று போன் செய்தேன். பையனை ஓர் இல்லத்திலும் பெண்ணை வேறோர் இல்லத்திலும் சேர்த்தார்கள். திரும்பி வர நான்கு மாதம் ஆனது.

கூட்டிப்போகும்போது யாரும் ஒரு காகிதமும் கேட்கவில்லை. திருப்பித் தர மட்டும் முகவரிச் சான்று வேண்டுமாம். அது இருந்தால் அவர்கள் ஏன் தெருவில் படுக்கிறார்கள்? ஒவ்வொரு விசாரணைக்கும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போனது. பாதி நாள் "சார் லீவு, அடுத்த வாரம் வாங்க."

2015 சிறார் நீதிச் சட்டம் வீடில்லாததை மட்டும் வைத்துப் பிள்ளையைப் பிரிக்கச் சொல்லவில்லை. வீடும் இல்லை, பிழைக்க வழியும் இல்லை என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றும் அதிலேயே இருக்கிறது. பிள்ளை பெற்றோரிடமே வளர ஸ்பான்சர்ஷிப் உதவியும் உண்டு. இப்போது மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். அன்று அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

திரும்பி வந்த சின்னவள், ஒன்றுக்குப் போகக்கூட அம்மாவிடம் கை தூக்கிக் கேட்டாள். அந்த அம்மா என்னிடம் சொன்னது: "நீ போன் பண்ணலன்னா நனைஞ்சிருப்போம், அவ்ளோதானே அக்கா?"

தனியாக நிற்கிற பிள்ளை, அடிபடுகிற பிள்ளை என்றால் உடனே கூப்பிடுங்கள். மற்றபடி முதலில் தாயிடம் பேசுங்கள்.

விசாரிக்காமல் காப்பகத்துக்கு ஆட்டோ பிடிப்பது

லட்சம் பேர் இருக்கும் ஊருக்கு வீடில்லாதோர் நூறு பேர் தங்க ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். ஆனால் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். "குடும்பத்தோடு எடுப்பீர்களா, பையனுக்கு எத்தனை வயது வரை?" என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

"பெரும்பாக்கத்தில் வீடு தருகிறார்களே, போங்களேன்"

பெரும்பாக்கம் சென்னையின் தெற்குக் கோடியில். அவர்கள் பிழைக்கும் பூ மார்க்கெட் பாரிமுனையில். பஸ்ஸில் நீங்கள் ஒரு முறை போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

முகவரி இல்லாததால் வாக்காளர் அட்டையைக் கைவிடுவது

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ல் தூங்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பதே விதி. வரவில்லையென்றால் விடாமல் கேளுங்கள்.

ரசீது வாங்காமல் மனு கொடுப்பது

கொடுக்காததற்குச் சமம்.